குளிருக்கு கேஸ் ஹீட்டர்: லயக் காம்பராவுக்குள் வேண்டாம் என்கிறோம்

இந்த முறை மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு வரும் அங்கத்தவர்கள் சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கடதாசிகளோடு இன்னொரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "தலைவரே, கேஸ்ல எரியிற ஹீட்டர் ஒன்னு வாங்கலாமுன்னு இருக்கோம். நல்லதுங்களா?" கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்யும் குடும்பத்தார். பிள்ளை பணம் அனுப்புகிறான். அப்பாவுக்கு இழுப்பு, அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் கைக்குழந்தை. குளிரில் அவர்கள் படும் பாட்டைத் தூரத்திலிருந்து நினைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு, கடையில் பார்த்த அந்தச் சக்கரம் வைத்த பெட்டி பெரிய வரமாகத் தெரிகிறது. அந்த எண்ணத்தை நாம் குறை சொல்லப்போவதில்லை. நுவரெலியாவில் தை, மாசி விடியலில் புல்லிலும் கொழுந்திலும் உறைபனி படிந்து தேயிலை கருகுவதைக் கண்ணால் பார்ப்பவர்கள் நாம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் ஆனி, ஆடி மழைக் குளிர் அதைவிடக் கொடியது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்; பனி வெயில் ஏறினால் போய்விடும், மழைக் குளிர் மாதக் கணக்கில் துணியிலும் எலும்பிலும் ஊறிக் கிடக்கும்.

ஆனால் கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்வது சங்கத்தின் கடமை. பழைய லயக் காம்பராவுக்குள், ஆட்கள் படுத்துத் தூங்கும் இடத்தில், கேஸ் ஹீட்டர் வேண்டாம். தனி வீட்டுக்காரர்கள், தையல் கடை, சலூன், கராஜ் நடத்துகிறவர்கள், திருவிழாவுக்கு வெளியில் வைக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு வேறு பதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் லயத்தைப் பற்றிப் பேசுவோம். நம்மில் அதிகம் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

கடைகளில் கிடைக்கும் இந்த ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பெட்டியின் பின்பக்கம் சமையலுக்குப் பாவிக்கும் அதே சிலிண்டர் உட்காரும். முன்பக்கம் மூன்று பீங்கான் தட்டுகள் இருக்கும். கேஸ் அந்தத் தட்டுகளின் சிறு துளைகள் வழியே வந்து எரிய, தட்டு செக்கச் செவேலென்று பழுத்து வெப்பம் வீசும். புகை இல்லை, கரி இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்த கேஸின் கழிவு எங்கே போகிறது? வெளியே போகக் குழாய் இல்லை, புகைபோக்கி இல்லை. எரிந்தது எல்லாம் நாம் மூச்சு விடும் அதே காற்றில்தான் கலக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனையும் அது அதே காற்றிலிருந்துதான் எடுக்கிறது. இடம்விட்டு இடம் தள்ளிச் செல்லலாம் என்று விளம்பரம் செய்வது இதைத்தான்: புகைபோக்கி இல்லாததால் தள்ளிச் செல்ல முடிகிறது.

துரைமார் பங்களாவை நினைத்துப் பாருங்கள். நூறு வருடங்களுக்கு முன் கட்டியது, இன்றும் நிற்கிறது. ஹாலில் ஒரு நெருப்பிடம் இருக்கும், அதற்கு மேலே கல்லில் கட்டிய புகைபோக்கி கூரைக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும். மலைநாட்டுக் குளிர் எப்படிப்பட்டது, நெருப்பு மூட்டினால் அதன் கழிவு வெளியே போகவேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் நமக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் காம்பராவும் முன்னால் ஒரு இஸ்தோப்பும் கட்டிக் கொடுத்தார்கள். குளிருக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்று நாம் வாங்க நினைக்கும் பெட்டி, பங்களாவின் நெருப்பிடத்திலிருந்து புகைபோக்கியைக் கழற்றிவிட்டு மீதியை லயத்துக்குள் கொண்டுவருவது போன்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்று தட்டும் எரியும்போது இந்த வகை ஹீட்டர் ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 300 கிராம் கேஸ் எரிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, எட்டு அடி உயரம். குளிருக்காகக் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஓட்டைகளில் சாக்கு அடைத்துவிட்டால், காற்றில் 21 வீதமாக இருக்கவேண்டிய ஒட்சிசன் ஒரு மணித்தியாலத்துக்குள் 18 வீதமளவுக்கு இறங்கிவிடும். அந்த இடத்துக்கு வந்ததும் நெருப்பு ஒழுங்காக எரியாது. ஒழுங்காக எரியாத நெருப்பிலிருந்துதான் கார்பன் மொனொக்சைட்டு என்கிற நச்சு வாயு அதிகமாகக் கிளம்புகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். இது துரத்தாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலை இடிக்கும், வயிற்றைப் புரட்டும், கால் தள்ளாடும், தூக்கம் வரும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இரவில் கொஞ்சம் தண்ணி போட்டுவிட்டுப் படுத்தவருக்கு எழும்பும் வாய்ப்பு இன்னும் குறைவு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தாயைவிட ஆபத்து அதிகம்.

கேஸ் கசிந்தால் மணம் வருமே என்று சிலர் கேட்கிறார்கள். வரும். எரியாத கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றமருந்து கலந்திருக்கிறார்கள். ஆனால் எரிந்தபின் உண்டாகும் நச்சு வாயுவுக்கு அந்த நாற்றம் கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைக்கக்கூடாது.

மலை உயரமும் இதில் சேர்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்குப் பழகிவிட்டது, ஹீட்டருக்குப் பழகவில்லை. தாழ்நிலத்துக்கு அளவெடுத்துச் செய்த எரிமுனை மேட்டில் காற்றுப் போதாமல் மஞ்சளாக எரியப் பார்க்கும். நல்ல ஹீட்டர்களில் ஒட்சிசன் குறைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கிறது. உயரமான இடத்தில் அது அடிக்கடி நிறுத்தும். அப்போது என்ன நடக்கிறது? "இது அடிக்கடி அணையுதுங்க" என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவோம். அவரும் நல்ல மனதோடு அந்தக் கருவியைக் கழற்றி நேராக இணைத்துக் கொடுப்பார். உயிரைக் காக்க வைத்த ஒரே காவல்காரனை நாமே காசு கொடுத்து அனுப்பிவிடுவோம்.

லயத்துக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. வெளிநாட்டில் அச்சடித்த கையேட்டில் அது இருக்காது. பழைய லயங்கள் பலவற்றில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. மேலே ஒரே வெளி. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஆறு வீட்டுக்குத் தெரியும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வோம். கருவாட்டு மணம் போகும் வழியே நச்சு வாயுவும் போகும். ஹீட்டர் வாங்காத பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் மூச்சு விடுகிறது. எரியாத கேஸோ காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். நமது லயங்கள் சரிவில் படிப்படியாக நிற்பவை. மேல் லயத்தில் கசிந்தது கானில் இறங்கிக் கீழ் லயத்து அடுப்பைத் தேடிப் போகலாம். ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியே ஓடி முழு லயத்தையும் சாம்பலாக்கியதை நமது பகுதிகளில் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! பிள்ளைகளின் பாடப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் எரிந்து, பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்களுக்குச் சங்கம் அரிசி மூட்டை கொண்டுபோனதும் மறக்கவில்லை.

இதை எழுதும்போது ஒரு விடயம் உறுத்துகிறது. இத்தனை நாள் லயத்தில் விறகடுப்பு எரித்தும் பலர் தப்பியதற்குக் காரணமே கூரைத் தகரத்தின் ஓட்டையும், கதவின் இடுக்கும், சுவரின் வெடிப்பும்தான். நிர்வாகம் திருத்தாமல் விட்ட ஓட்டைகள் நம்மைக் காப்பாற்றியிருக்கின்றன. குளிர் தாங்காமல் அவற்றைச் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே தணல் சட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹீட்டரைவிட மோசமானது அது. கரித் தணல் புகையில்லாமல் கனன்றுகொண்டே நச்சு வாயுவைக் கக்கும். ஹீட்டரில் இருக்கும் தானியங்கி நிறுத்தம் கூட அதில் இல்லை. குளிர் நாடுகள் பலவற்றில் ஒவ்வொரு வருடமும் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் விடியலில் எழும்பாமல் போகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் வீட்டில் வாசித்துச் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்: தணல் சட்டி படுக்கும் காம்பராவுக்குள் வரக்கூடாது, ஒரு நாளும்.

சரி, செலவுக்கு வருவோம். 12.5 கிலோ சிலிண்டர் 3,700 ரூபா என்று வைத்துக்கொண்டால், மூன்று தட்டும் எரிய மணித்தியாலத்துக்கு 90 ரூபா அளவில் போகும். மாலை ஆறு மணியிலிருந்து பத்து வரை எரித்தால் 350 ரூபாவுக்கு மேல். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதில் கால் பங்குக்கும் மேல் ஒரு இரவின் நான்கு மணித்தியாலத்தில் சூடாகிப் போகிறது. மாதம் முழுக்க எரித்தால் மூன்று சிலிண்டர், பதினோராயிரம் ரூபா. ஒரு தட்டை மட்டும் எரித்தால் மாதம் ஒரு சிலிண்டரில் முடிக்கலாம். ஆனால் சீலிங் இல்லாத தகரக் கூரைக்குக் கீழே ஒரு தட்டின் வெப்பம் தட்டுக்கு முன்னால் குந்தியிருப்பவருக்கு மட்டும்தான். மீதி மேலே ஏறித் தகரம் வழியே வானத்துக்குப் போய்விடும். கேஸ் விலை ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. 2021 நடுப்பகுதியில் 1,500 ரூபாவுக்குள் வாங்கிய அதே சிலிண்டர் 2022 இல் 4,800 ஐத் தாண்டியது. அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கடன் கொடுக்கும் கம்பனிக்காரர் லயத்துக்கே வந்து தவணைக்கு ஹீட்டர் தருகிறேன் என்றால், தவணையோடு இந்த மாதச் சிலிண்டரையும் கூட்டிப் பாருங்கள். நுண்கடன் வாங்கிய பெண்கள் பட்ட அவமானம் நமக்குப் புதிதல்ல.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றர் அளவு தண்ணீர் ஆவியாக அந்தக் காற்றில் சேர்கிறது. நான்கு மணித்தியாலம் முழுதாக எரித்தால் இரண்டு போத்தலுக்குக் குறையாத தண்ணீர். வெளியே போக வழியில்லாத ஆவி எங்கே படியும்? குளிர்ந்த சுவரிலும், தகரத்தின் அடிப்பக்கத்திலும், மடித்து வைத்த துணியிலும். ஏற்கனவே பூஞ்சணம் பிடித்த சுவர் இன்னும் கறுக்கும். அப்பாவின் இழுப்புக்காக வாங்கிய பெட்டி இழுப்பைக் கூட்டிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்த காம்பரா நெஞ்சுச் சளிக்காரருக்கு நல்லதல்ல என்பதைத் தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடம் கேட்டாலும் சொல்வார்.

இனி, வாங்கக்கூடியவர்களுக்கு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீட்டின் ஹாலில், ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், ஒரு ஜன்னலைக் கையளவு திறந்து வைத்து எரிக்கலாம். படுக்கப் போகும்போது ஹீட்டரை மட்டுமல்ல, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடவேண்டும். படுக்கையறை, குளியலறை இரண்டிலும் கூடாது என்று செய்தவர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். கடைக்காரர் அதைச் சொல்வதில்லை.

கடையில் நின்று பார்க்கவேண்டியது விலைச்சீட்டு அல்ல, பின்பக்கத் தகடு. அதில் எந்த வாயுவுக்குச் செய்தது, எந்த அழுத்தத்துக்குச் செய்தது என்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியதோ பழைய சாமான் கடையில் கிடைத்ததோ குழாய்வழி இயற்கை வாயுவுக்குச் செய்ததாக இருந்தால், நமது சிலிண்டரில் கொளுவினால் நெருப்பு அளவுக்கு மீறி எழும்பும். ஒட்சிசன் குறைந்தால் நிறுத்தும் கருவி இருக்கிறதா, தட்டிவிழுந்தால் அணைகிறதா, நெருப்பு அணைந்தால் கேஸும் நிற்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். தட்டு முழுவதும் ஒரே நிறமாகப் பழுக்கவேண்டும். ஒரு மூலையில் மஞ்சள் நாக்கு எழும்பினால், கரி படிந்தால் வேண்டாம். முன்னால் கம்பி வலை உறுதியாக இருக்கவேண்டும், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது கட்டாயம். பழையது வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. ஒரு வருடம் மூலையில் கிடந்த ஹீட்டரின் எரிமுனைக்குள் தூசியும் சிலந்திக் கூடும் அடைத்திருக்கும். பார்வைக்குத் தெரியாது, எரியும்போதுதான் தெரியும்.

ஹோஸ் குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாகவே வாங்குங்கள். இணைத்தபின் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. நெருப்புக் குச்சி வைத்துச் சோதிக்கும் வீரர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைச் சிலிண்டர் பக்கமே விடாதீர்கள். 2021 கடைசியில் நாடு முழுவதும் அடுப்புகளும் கேஸ் இணைப்புகளும் வெடித்தபோது, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதா என்று பெரிய வாதம் நடந்தது, ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்தார். அந்த வாதத்திலிருந்து நமக்கு உதவக்கூடிய ஒன்று உண்டு. பியூட்டேன் தண்ணீர் உறையும் அளவுக் குளிரில் ஆவியாக மாறாது, திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் அதைவிட எவ்வளவோ குளிரிலும் ஆவியாகும், அதன் அழுத்தமும் அதிகம். அதனால்தான் பனிக்கால விடியலில் சிலிண்டர் பாதி இருந்தும் நெருப்பு சோம்பி எரிகிறது. அதற்காகச் சிலிண்டரை அடுப்போரம் நகர்த்துவது, மேலே கொதிதண்ணீர் ஊற்றுவது, படுக்கப்போட்டு உருட்டுவது எல்லாம் நடக்கிறது. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். அது எரிமுனைக்கு வந்தால் ஹீட்டர் தீப்பந்தமாகிவிடும். குளிரில் கேஸ் சோம்பினால் சோம்பட்டும், வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

தையல் கடை, சலூன் வைத்திருப்பவர்களுக்கும் ஹாலுக்குச் சொன்னதே பொருந்தும். ஒன்று மட்டும் கூடுதல், துணியும் நூலும் ஹீட்டருக்கு முன்னால் ஒரு மீற்றருக்குள் இருக்கக்கூடாது. கராஜ்காரருக்கு நாம் சொல்வது வேறு. பெற்றோல், தின்னர் ஆவி உலாவும் இடத்தில் நெருப்புத் தெரியும் எந்த ஹீட்டரும் கூடாது. விசிறியோடு வெப்பக் காற்றை ஊதும் பெரிய வகை ஒன்று இருக்கிறது. அது பெரிய கதவைத் திறந்துவைத்த கட்டடத்துக்கு உரியது. அதை வாங்கி வீட்டுக்குள் வைத்தவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாம் போய்ப் பேசுகிறோம்.

திறந்தவெளியில் கேஸ் ஹீட்டர் நல்ல சாமான்தான். சீசன் காலத்தில் நுவரெலியா ஹோட்டல்களில் வேலை செய்யும் நமது இளைஞர்களுக்குக் குடை போல நிற்கும் அந்த உயர்ந்த ஹீட்டர் நன்றாகத் தெரியும். காமன் கூத்துக்கு மாசி இரவில் விடிய விடியக் குந்தியிருக்கும் வயதானவர்களுக்கும், இழவு வீட்டின் முன்னால் இரவு விழிப்பவர்களுக்கும் அப்படி ஒன்று உதவும். ஆனால் அது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்கு அண்மித்து எரிக்கும், ஒரு வீட்டுக்குக் கட்டாது. கோயில் கமிட்டியோ மரண உதவிச் சங்கமோ பொதுவாக வாங்கினால் கட்டும். மழை வந்தது என்று அதைத் தகரக் கொட்டகைக்குள், படங்கு கட்டிய பந்தலுக்குள் தள்ளிவிடக்கூடாது. நாலு பக்கமும் மூடினால் அது வெளியிடம் அல்ல.

மின்சார ஹீட்டர் ஆகாதா என்று கேட்பீர்கள். நச்சு வாயு இல்லை, அந்த வகையில் மேல். ஆனால் 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது அம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஒரே இணைப்பிலிருந்து நாலு காம்பராவுக்கு இழுத்த பழைய வயரும் ஐந்து அம்பியர் பிளக்கும் அதைத் தாங்காது. லயத் தீ பல, வயர் சூடாகித்தான் தொடங்கியிருக்கிறது.

அப்படியானால் குளிரில் நடுங்கியே இருக்கச் சொல்கிறீர்களா என்று இளைஞர்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானது, ஆனால் அதைக் கடையில் காட்டிப் பயனில்லை. ஹீட்டருக்குப் போடும் பணத்தில் முதலில் படுக்கைக்கு மேலே ஒரு சீலிங் அடியுங்கள். மேலே ஏறும் சூட்டைத் தடுத்தாலே காம்பரா மாறும். சீலிங் அடிக்கும்போது அடுப்புப் புகை போகும் வழியை அடைத்துவிடாதீர்கள். நல்ல கம்பளி இரண்டு, தரைக்கும் பாய்க்கும் நடுவே தடித்த விரிப்பு, படுக்கும்போது கால்மாட்டில் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். கேட்கச் சின்ன விடயங்கள், கிழவர்களையும் குழந்தைகளையும் இரவு முழுக்கச் சூடாக வைப்பவை இவைதான்.

மீதியை நிர்வாகம் செய்யவேண்டும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு எத்தனை லயத்தின் புகைபோக்கி கட்டப்பட்டது, எத்தனை லயத்தின் உடைந்த கூரை மாற்றப்பட்டது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கவேண்டிய நேரம் இது. கொழுந்தின் நிறையில் ஒரு கிலோ குறைந்தால் எழுதிவைக்கத் தெரிந்தவர்களுக்கு, விடியக்காலை பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தை எந்தக் குளிரில் கிடக்கிறது என்பதும் தெரியவேண்டும். பிள்ளைக் காம்பராவுக்கு முறையான வயரிங் போட்டு மின்சார ஹீட்டரோ, கழிவு வெளியே போகும் குழாயுள்ள ஹீட்டரோ பொருத்தவேண்டும். புகைபோக்கி இல்லாத பெட்டி அங்கே வரக்கூடாது, நன்கொடையாக வந்தாலும் வரக்கூடாது. மழையில் நனைந்து நிறுக்க வரும் பெண்களுக்குக் கொழுந்து மடுவத்தில் ஒதுங்க இடமும் சுடச்சுடத் தேத்தண்ணியும் வேண்டும். தேயிலை விளையும் மலையில் இதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. விறகைப் பற்றியும் பேசவேண்டும். கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கத் தடை போடும் தோட்டங்களில், கேஸுக்கும் வழியில்லாத குடும்பம் எதைக் கொண்டு அடுப்பு மூட்டும்?

ஏற்கனவே ஹீட்டர் வாங்கிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். இன்றிரவே செய்யக்கூடியது: படுக்கும் காம்பராவிலிருந்து வெளியே எடுங்கள், உதிரிச் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அகற்றிக் காற்றாடும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது தடிமல் காய்ச்சல் அல்ல. கதவைத் திறந்து, ஹீட்டரை நிறுத்தி, எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 1990 க்கு அழையுங்கள். வைத்தியரிடம் "உள்ளே கேஸ் ஹீட்டர் எரிந்தது" என்பதை முதலில் சொல்லுங்கள், மற்றபடி அவருக்கு அது தெரியாது. மயங்கியவரைத் தூக்க உள்ளே ஓடுபவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடவேண்டும். முதலில் கதவு, ஜன்னல், பிறகு ஆள். கேஸ் மணம் வந்தால் மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக்கு வரும்போது ஒரு விபரம் கொண்டுவரவேண்டும்: உங்கள் டிவிசனில் எத்தனை லயம், அவற்றில் புகைபோக்கி இல்லாத அடுப்பு எத்தனை, நடுச்சுவர் கூரையைத் தொடாத காம்பரா எத்தனை, பிள்ளைக் காம்பராவில் ஹீட்டர் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை. லய இலக்கம், காம்பரா இலக்கத்தோடு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் போதும். அந்தப் பட்டியலோடுதான் நிர்வாகத்தோடு பேச்சுக்குப் போகிறோம்.